தங்கைக்குத் தற்பெருமை கற்றுக்கொடுத்த வாரம்

மருந்துக் கம்பெனி ரெப் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு என் பேச்சைக் கேட்க ஆள் குறைந்துவிட்டது. டாக்டர் ரூம் வாசலில் மணிக்கணக்காகக் காத்துக்கிடந்து, கிடைக்கிற இரண்டு நிமிஷத்தில் இருமல் மருந்தைப் பற்றி இதிகாசம் பாடிப் பழகிய வாய் இது. வீட்டில் அந்த இரண்டு நிமிஷமும் கிடைப்பதில்லை. அப்போதுதான் மெல்போர்னிலிருந்து தங்கை வசந்தி கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒரு மூணு வாரம் வந்து இருந்துட்டுப் போயேன். எனக்கு ஒரு இன்டர்வியூ இருக்கு. நீ பக்கத்துல இருந்தா தைரியமா இருக்கும்."

என் மனைவி டீச்சர். அது பரீட்சை நேரம். "நீங்க போய்ட்டு வாங்க, கொஞ்சம் ரெஸ்ட் கிடைக்கும்" என்றாள். யாருக்கு ரெஸ்ட் என்று விளக்கம் கேட்காமல் கிளம்பினேன்.

வசந்தியின் வீடு மெல்போர்ன் புறநகரான மல்கிரேவில். வீடு அழகு. தெரு அதைவிட அழகு. மனிதர்கள்தான் இல்லை. வசந்தி ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். நான் பல் தேய்ப்பதற்குள் கிளம்பிவிடுவாள். மாப்பிள்ளை முரளி மாடி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினால் சாயங்காலம்தான் தரிசனம். மகள் வேறு ஊரில் படிக்கிறாள். ஆக, பகல் முழுக்க நானும் பிரிட்ஜும்தான். அதுவாவது அவ்வப்போது முனகும்.

வாக்கிங் போனேன். எங்கள் உறையூரில் பத்தடி நடந்தால் நாலு பேர் "எங்க கிளம்பிட்டீங்க?" என்பார்கள். எரிச்சலாக இருக்கும். இங்கே அப்படிக் கேட்க ஒரு ஜீவன் இல்லை. போனில் வழி சொல்கிற பெண்குரல் மட்டும்தான் என்னோடு பேசியது. மூன்றாம் நாளே அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் நாயோடு எதிரே வந்து "குட் மார்னிங்" என்றார். மகிழ்ந்துபோய் நின்று பேசினேன். ஊர், வேலை எல்லாம் முடிந்து சர்க்கரை அளவுக்கு வந்தபோது நாய் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நாய் அவரை இழுத்ததா, அவர் நாயை இழுத்தாரா என்று சரியாகத் தெரியவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில்தான் மூன்று பேரும் சேர்வோம். முரளிக்கு அமெரிக்கச் செய்தி பார்க்காமல் ரசம் இறங்காது. அங்கே யாரோ ஒரு கறுப்பினத்தவரின் காரைப் போலீஸ் மறித்து நிறுத்தியிருக்கும். முரளி தலையை ஆட்டுவார். "என்ன நாடு மச்சான் அது! இன்னமும் கலர் பாத்துக்கிட்டு. நல்ல வேளை, நாம இங்க வந்தோம்."

வசந்தி அப்பளத்தை நொறுக்குவாள்.

இன்டர்வியூ விஷயத்தை அவள் சொன்னது அப்படி ஒரு ராத்திரிதான். அவள் வேலை பார்க்கிற இடத்தில் மேனேஜர் வேலை காலியாகி எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் 'ஆக்டிங்' என்று பெயர் வைத்து வசந்திதான் அந்த வேலையைச் செய்கிறாள். ஆள் போடுவது, மருந்துக் கணக்கு, உறவினர்களின் சண்டை, ஞாயிற்றுக்கிழமை வருகிற போன், எல்லாம் அவள் தலையில். நிரந்தரமாகக் கேட்டு முன்பே இரண்டு தடவை, வேறு பிரிவுகளில், இன்டர்வியூ கொடுத்திருக்கிறாள். இரண்டு தடவையும் கிடைக்கவில்லை.

"என்ன காரணம் சொன்னாங்க?"

"வேலையில ஒரு குறையும் இல்லையாம். தன்னம்பிக்கை பத்தலையாம்."

"நீ என்ன சொன்ன?"

"இந்தப் பொறுப்புக்கு நீங்க தயாரான்னு கேட்டாங்க. 'இன்னும் கத்துக்க நிறைய இருக்கு'ன்னு சொன்னேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் முதல் ரேங்க் வாங்கினால்கூட வெளியே "ஏதோ பாஸ்" என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணு பட்டுவிடும். எங்கள் ஊர்க்காரர் யாராவது அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால், "கத்துக்க நிறைய இருக்கு" என்று அவள் சொன்னதும் "ஆகா, இவ கெட்டிக்காரி" என்று புரிந்துகொண்டிருப்பார். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்: கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

மறுநாள் வசந்தி சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஒரு ஜோலி கிடைத்ததே. பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் நிரம்பியது. நிற்கிறவர்கள் நின்றார்கள், என் பக்கத்து சீட் மட்டும் காலி. கலரா? இருக்கலாம். என் உடம்பின் அகலமா? அதுவும் இருக்கலாம். டப்பாவிலிருந்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பா? இதில் உள்ள பெரிய தொந்தரவு இதுதான்: நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒருத்தன் முகத்துக்கு நேராகத் திட்டினால் திருப்பித் திட்டலாம். காலி சீட்டோடு யார் சண்டை போடுவது?

இந்த ஆராய்ச்சியில் இறங்க வேண்டிய இடத்தை விட்டு டண்டினொங் சந்தைப் பக்கம் போய் இறங்கினேன். ஆப்கானிஸ்தான் ரொட்டி வாசம், மலைபோல் குவித்த பாகற்காய், பத்து பாஷை. ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்து ஹிந்தியில் பேசினார். நான் தெரியாத ஹிந்தியில் பதில் சொன்னேன். இரண்டு பேருக்கும் புரியவில்லை, ஆனால் பேசினோம். அந்த வாரத்தின் நல்ல உரையாடல் அது. சுடச்சுட ஒரு ரொட்டியைத் தின்றுவிட்டு, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வரவேற்பறைச் சுவரில் ஊழியர் எல்லோருடைய போட்டோவும் மாட்டியிருந்தார்கள். மேல் வரிசையில் இயக்குநர்கள். அடுத்தது மேனேஜர்கள். பிறகு நர்ஸ்கள். அப்புறம் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறவர்கள். கடைசி வரிசையில் சமையலும் சலவையும். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேல் வரிசை சுத்தப் பால். கீழே இறங்க இறங்க டிகாக்ஷன் கூடிக்கொண்டே வந்தது. கடைசி வரிசை ஸ்ட்ராங் காபி. யாரும் திட்டம் போட்டு மாட்டியிருக்க மாட்டார்கள். பதவி வாரியாக ஒழுங்காகத்தான் மாட்டியிருந்தார்கள்.

வசந்தி ஊழியர் அறையில் வெள்ளைப் பலகையில் அன்றைய டூட்டி எழுதிக்கொண்டிருந்தாள். ஏழாம் அறைக்கு நேரே ஒரு குறிப்பு: 'பழகிய முகங்கள் மட்டும்.'

"இது என்னம்மா?"

"அந்த ரூம்ல இருக்கிறவருக்குப் பழகின முகம்தான் போகணும்."

"அவர் எப்ப வந்தாரு?"

"போன மாசம்."

"நீ எத்தனை வருஷமா இருக்க?"

"ஒம்போது."

"அப்ப உன்னைவிடப் பழகின முகம் யாரு இருக்கா இங்க?"

வசந்தி சிரித்துவிட்டாள். "அண்ணே, நீ வேற. பழகின முகம்னா கலர்ணே. அவருக்கு எங்க கை பட்டா பயம். பாவம், மறதி வியாதி. அவர் என்ன பண்ணுவாரு. அதைப் போர்டுல எழுதிப் போடச் சொன்னவங்களுக்கு நல்லாவே ஞாபக சக்தி இருக்கு."

"எழுதறது நீதானே?"

"ஆக்டிங் மேனேஜர் ஆச்சே" என்றாள், பேனாவை மூடிக்கொண்டே.

அன்று சாயங்காலமே பயிற்சியை ஆரம்பித்தேன். முரளியின் டையைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். பனியனுக்கு மேல் டை.

"உங்கள் சாதனை ஒன்று சொல்லுங்கள்."

"சாதனைன்னா... போன குளிர்காலத்துல வாந்திபேதி பரவி பாதிப் பேர் வேலைக்கு வரல. எல்லாரும் சேர்ந்து ஏதோ சமாளிச்சோம்."

"பாதிப் பேர்தான் வரலையே! யாரு சேர்ந்தா?"

"நானும் ஒரு பிலிப்பினோ பொண்ணும்."

"அடியே, 'எல்லா டானிக்கும் நல்ல டானிக்தான் டாக்டர்'னு நான் சொல்லியிருந்தா ஒரு பாட்டில் வித்திருக்குமா? சொல்லு: நான் இல்லைன்னா இந்த இல்லம் அன்னைக்கு மூடியிருக்கும்."

"ஐயோ! வாய் கூசுதுண்ணே." துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். மாடியிலிருந்து இறங்கி வந்த முரளி, "மச்சான், அது என் நல்ல டை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

விடவில்லை. கண்ணைப் பார்த்துப் பேசு. தோளை நிமிர்த்து. 'முயற்சி பண்றேன்' கிடையாது, 'செய்வேன்'. சில நாளில் வசந்தி தன்னைத்தானே விற்கிற அழகைப் பார்த்து நானே வாங்கிவிடுவேன் போலிருந்தது. நடுவில் இருவருக்கும் சிரிப்பு வந்து, புரையேறி, அம்மா இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் அடி விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டோம். இந்தப் பயணத்தில் அவள் என்னோடு உட்கார்ந்து சிரித்த நேரம் என்றால் அதுதான்.

புதன்கிழமை இன்டர்வியூ முடிந்து முகம் மலர்ந்து வந்தாள். "சொல்லிட்டேண்ணே. நீ சொன்னதெல்லாம் அப்படியே சொல்லிட்டேன். மூணு பேரும் தலையாட்டினாங்க. வெளிய வரும்போது லின் என் கையைப் புடிச்சு அழுத்தினா." லின் அவளுடைய மேலதிகாரி, அந்த மூன்று பேரில் ஒருத்தி. நான் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன். காலர் இல்லாத பனியனில்.

வெள்ளிக்கிழமை சிட்னிக்குப் போனேன். அங்கே கிரவீனில் சிவநேசன் இருக்கிறான். யாழ்ப்பாணத்துக்காரன். திருச்சியில் காலேஜில் என் பெஞ்ச். பிறகு இன்ஜினியரிங் படித்துவிட்டு இங்கே வந்து, முதல் ஆறு வருஷம் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டிகளைச் சேர்த்துக் கட்டி இழுத்தவன். இப்போது ரிட்டயர் ஆகிவிட்டான். மனைவி காலமான பிறகு தனி ஆள்.

"வாடா மச்சான், வா! அந்தக் கதிரையில இரு. குசினியில தேத்தண்ணி வைச்சிட்டு வாறன்" என்றவன் தேநீரோடு புட்டும் சம்பலும் கொண்டுவந்து வைத்தான். சாப்பிட்டோம். பேசினோம். பழைய வாத்தியார்கள் தீர்ந்ததும் டிவியைப் போட்டான். இரண்டு தனி ஆட்கள் சேர்ந்தால் கூட்டமாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இரண்டு தனி ஆட்கள்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஹாலுக்கு அழைத்துப்போனான். அமெரிக்காவிலிருந்து ஒரு தமிழ்ப் பேராசிரியை வந்திருந்தார். பட்டுப்புடவைக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ. அமெரிக்காவில் நிறம் ஏன் இன்னும் முக்கியமாக இருக்கிறது என்பது பேச்சு. இங்கே எந்தக் கூட்டமானாலும் முதலில் இந்த மண் பூர்வகுடிகளுடையது என்று ஒருவர் வணக்கம் சொல்கிறார். கூட்டத்தை நடத்திய நம்மவரும் சொன்னார், வேகமாக. மண்ணைத் திருப்பிக் கொடுப்பது பற்றி யாரும் ஒன்றும் சொல்லாததால் கூட்டம் தொடங்கியது.

அந்த அம்மா நன்றாகப் பேசினார். "கதவுல 'உள்ளே வராதே'ன்னு போர்டு மாட்டின காலம் அங்க போயிடுச்சு. ஆனா அன்னைக்கு எந்தத் தெருவுல வீடு வாங்க விடலையோ, அதை வச்சுத்தான் இன்னைக்கு அவங்க பேரன் எந்தப் பள்ளிக்கூடம், எந்த வேலைங்கிறது முடிவாகுது. கடைசியில இன்டர்வியூ எடுக்கிறவர், 'பையன் நல்லவன்தான், நமக்கு ஒத்துவர மாட்டான்'னு சொல்றாரு. அவர் கெட்டவர் இல்ல. யாரும் யாரையும் வெறுக்க வேண்டியதே இல்லீங்க. எல்லாரும் அவங்கவங்க வேலையை ஒழுங்காச் செஞ்சாலே போதும். முடிவு மட்டும் எப்பவும் ஒரே மாதிரி வந்துடும்."

எனக்கு அந்த போட்டோச் சுவர் கண்ணில் வந்து நின்றது. அப்போது சட்டைப்பையில் போன் துடித்தது. வசந்தி. நாற்காலிகள் அடுக்கி வைத்திருந்த நடைக்கு வந்து எடுத்தேன்.

"சாப்டியாண்ணே?"

"அதை விடு. ஏதாவது தெரிஞ்சுதா?"

"நேத்தே சொல்லிட்டாங்க. நீ சிவநேசன் அண்ணனோட சந்தோஷமா இருப்ப, கெடுக்க வேணாம்னு பாத்தேன். கிடைக்கலண்ணே."

ஹாலுக்குள் கைதட்டல்.

"வேற கிளையிலேர்ந்து ஒரு பொண்ணு. இந்த வேலைக்கு வந்து மூணு வருஷம்தான். நல்ல பொண்ணுதான்."

"காரணம்?"

"திறமையில குறையே இல்லையாம். ஆனா என்னைப் பத்தியே பேசற மாதிரி இருந்துச்சாம். டீமோட ஒத்துப்போற ஆளாத் தேடறாங்களாம்."

டாக்டர் திட்டினாலும் சிரித்துக்கொண்டே சாம்பிள் பாட்டிலை நீட்டுகிற நான் அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். "அப்ப நான் சொல்லிக்கொடுத்ததுதான்..."

"இல்லண்ணே. போன தடவ அடக்கமா இருந்தேன், தைரியம் பத்தலன்னாங்க. இந்தத் தடவ தைரியமா இருந்தேன், அடக்கம் பத்தலங்கிறாங்க. ரெண்டுக்கும் நடுவுல ஏதோ ஒரு இடம் இருக்கு போல. அது எங்கன்னு தெரிஞ்சவங்களைத்தான் எடுக்கறாங்க. நீ வேற மாதிரி சொல்லிக்கொடுத்திருந்தா வேற ஒண்ணு சொல்லியிருப்பாங்க. மூணு பேருமே நல்லவங்கண்ணே. சொல்லும்போது லின் அழுதுட்டா."

"நீ?"

"நான்தான் அவளுக்குத் தண்ணி எடுத்துக் குடுத்தேன்."

உள்ளே திரும்பிப் போனபோது கேள்வி நேரம். முன்வரிசை அங்கிள் ஒருவர் எழுந்தார். "அம்மா, அது அமெரிக்கா. அங்க அடிமைப்படுத்தின சரித்திரம். நாங்கள் இஞ்ச படிச்சு, தகுதியோட வந்த ஆக்கள். எங்களுக்கு அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை. நாங்கள் அதிர்ஷ்டசாலியள் எண்டுதான் சொல்லுவன்." பலர் தலையாட்டினார்கள். மைக் கையிலிருந்து கைக்கு மாறி என்னிடம் வந்தது. வாழ்க்கையில் மைக்கை வேண்டாம் என்று சொன்னவன் அல்ல நான். பேச என்னிடம் இருந்தது என் கதை அல்ல, வசந்தியின் கதை. அதைச் சொல்ல அவளைக் கேட்கவில்லை. மைக்கை அடுத்தவரிடம் கொடுத்தேன்.

காரில் சிவநேசனிடம் சொன்னேன். அவன் சிக்னலில் காரை நிறுத்தினான்.

"அவையள் நல்ல சனம்தான்ரா" என்றான் பிறகு. "அதுதான் பிரச்சினை. கெட்டவன் எண்டா எழும்பிச் சண்டை பிடிக்கலாம். அழுகிற மனுசியோட என்னெண்டு சண்டை பிடிக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை மெல்போர்ன் திரும்புகிற விமானத்தில் ஊர் ஞாபகம். அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று எதற்கு இவ்வளவு தூரம்? ஜாதியே பார்ப்பதில்லை என்று சொல்கிற எங்கள் கம்பெனியில் மேல்மாடிக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சம்பந்தி ஆகக்கூடியவர்களாகவே இருந்தார்கள். அங்கேயும் நல்லவர்கள்தான். தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள்.

வசந்தி விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். வழக்கம் போலவே தலை வாரி, பொட்டு வைத்து. துக்கம் விசாரிக்கிற முகத்தை வைத்துக்கொண்டு நான்தான் அசிங்கமாக நின்றேன். பெரிய ரோட்டில் ஏறியதும் கார் ஸ்பீக்கரில் போன் அடித்தது. லின். நல்ல, இனிமையான குரல்.

"வசந்தி, டார்லிங், ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு பண்ணுகிறேன். புதுப் பெண் அடுத்த மாதம்தான் சேர்கிறாள். அதுவரைக்கும் நீயே பார்த்துக்கொள்வாய் இல்லையா? அப்புறம் அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்க உன்னைவிட யார் இருக்கிறார்கள்?"

வசந்தி கண்ணாடியைப் பார்த்தாள். இண்டிகேட்டர் போட்டாள். லாரியை முன்னால் விட்டாள்.

"இல்லை, லின். நாளையிலிருந்து என் நர்ஸ் ஷிப்ட் மட்டும் செய்கிறேன். ஆபீஸ் போனும் சாவியும் உங்கள் மேஜையில் இருக்கும்."

"நீ நன்றாகத்தானே இருக்கிறாய்? இது உன் சுபாவமே இல்லையே."

"நன்றாக இருக்கிறேன், லின். நாளைக்குப் பார்க்கலாம்."

அவ்வளவுதான். அடக்கமும் இல்லை, பெருமையும் இல்லை. அந்தக் குரல் நான் சொல்லிக்கொடுத்தது அல்ல. நான் ரோட்டைப் பார்த்தேன்.

ரொம்ப தூரம் போன பிறகு, "அண்ணே" என்றாள். "நாளைக்கு எனக்கு மத்தியானம்தான் ஷிப்ட். காலையில பீச்சுக்குப் போலாமா? நீ வந்ததுலேர்ந்து உன்னை எங்கயும் கூட்டிட்டே போகல."

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. வந்த நாளிலிருந்து இதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு வேலை கிடைத்திருந்தால் இந்தக் காலை எனக்குக் கிடைத்திருக்காது என்பது அடுத்த நொடியே உறைத்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திங்கள் காலை. வெயில் இருந்தது, சூடு இல்லை. மெரினா மாதிரி சுண்டல் இல்லை, குதிரை இல்லை, கூட்டம் இல்லை. கடல் மட்டும். காகிதத்தில் சுற்றிய சுடு உருளைக்கிழங்கு வறுவலை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளிடம் பேச நான் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். நாயோடு வந்தவர் கதையை ஆரம்பித்தேன். சர்க்கரை அளவுக்கு வந்தபோது திரும்பிப் பார்த்தால் வசந்தி தூங்கியிருந்தாள். எட்டு மாதத் தூக்கம். வாய் லேசாகத் திறந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து, கைப்பை நழுவி மணலில் விழ இருந்தது. எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

தொப்பி போட்ட ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா நடந்துபோகிற வழியில் நின்றார். கவலையோடு குனிந்து பார்த்தார். "அவளுக்கு ஒன்றும் இல்லையே?"

"களைப்பு" என்றேன்.

"நம்ம எல்லாருக்கும்தானே, கண்ணு" என்று அன்பாகச் சிரித்துவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

வறுவல் ஆறிக்கொண்டிருந்தது. கடற்காக்கைகள் ஒவ்வொன்றாக வந்து என்னைச் சுற்றி இறங்கின. விரட்டினால் அவள் விழித்துவிடுவாள். ஒவ்வொரு துண்டாகத் தூரத்தில் எறிந்து, சத்தம் போடாமல், அவற்றை அந்தப் பக்கமாக நகர்த்தினேன்.